கழிவறை வந்த பிறகும் குழந்தைகளின் உயரம் ஏறவில்லை: எங்கே கோட்டை விடுகிறோம்?

கேள்வி – விதைநெல்

வீட்டுக் கழிவறைப் பணியும் குழந்தை ஊட்டச்சத்துப் பணியும் சேர்ந்து நடக்கும் ஒரு குடியிருப்பைப் பற்றிய கேள்வி. பத்தில் எட்டு வீடுகளுக்குக் கழிவறை வந்து ஒரு வருடம் ஆகிறது. பூட்டி வைக்கவில்லை, பெரியவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளந்து பார்த்தால், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களின் விகிதம் போன வருடம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பேதியும் பெரிதாக இல்லை. தாய்மார்களைக் கேட்டால் "வயிறு நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பேதியே இல்லாத குழந்தையின் வளர்ச்சியைச் சுகாதாரக் கேடு தடுக்குமா? கழிவறை இருக்கிறது என்று கணக்கெழுதுவதற்கு முன் அதில் எதைப் பார்க்க வேண்டும்? எந்த வயதுக் குழந்தைகளை எப்படி அளந்தால் மாற்றம் கண்ணில் படும்?

பதில் – தராசுமுள்

முதல் கேள்விக்குப் பதில்: தடுக்கும். பேதி கண்ணுக்குத் தெரிகிற பாதி மட்டும்தான்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் சத்தை இழுத்துக்கொள்கின்றன. மலத்திலிருந்து வரும் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நாள் தவறாமல் உள்ளே போனால் அந்த விரல்கள் குட்டையாகித் தட்டையாகிவிடும். உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. கூடவே, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இருக்கும் இறுக்கமான இணைப்பு தளர்ந்து, பாக்டீரியாவின் சிதைவுகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. உடல் அதை எதிர்த்து ஓயாமல் சண்டை போடுகிறது. சாப்பிட்டதில் ஒரு பங்கு அந்தச் சண்டைக்கே செலவாகிறது. அந்த அழற்சி, எலும்பை நீளச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் அளவையும் கீழே இறக்குகிறது. இந்த நிலைக்குச் 'சூழல்சார் குடல் செயலிழப்பு' என்று பெயர். குழந்தை சிரிக்கும், விளையாடும், மலம் கெட்டியாகவே போகும். உயரம் மட்டும் நின்றுவிடும். அதனால் "வயிறு நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. இந்தியா, வங்கதேசம், பெரு, தான்சானியா உட்பட எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வில், பேதி இல்லாத நாட்களில் எடுத்த மலத்திலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா, ஒருவகை ஈ.கோலை ஆகிய குடல் கிருமிகள் இருந்தன. அவை அதிகமாக இருந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினார்கள்.

இனி மனதுக்குக் கஷ்டமான பகுதி. கழிவறை, கைகழுவுதல், குடிநீர்க் குளோரின் மூன்றையும் கொடுத்தால் உயரம் கூடுமா என்று மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்தவற்றின் முடிவுகள் 2018-லும், ஜிம்பாப்வேயில் நடந்ததன் முடிவு 2019-லும் வெளிவந்தன. மூன்றிலும் உயரம் கூடவில்லை. வங்கதேசத்தில் மட்டும் பேதி கணிசமாகக் குறைந்தது. உயரத்தைக் கொஞ்சம் நகர்த்தியது சத்துணவுதான். 6 மாதத்திலிருந்து தினமும் ஒரு சிறு அளவு, ஜிம்பாப்வேயில் 20 கிராம், கொழுப்புச் சத்துக் கலவையும், குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்ற ஆலோசனையும் கொடுத்த வீடுகளில் உயர மதிப்பெண் (வயதுக்குரிய சராசரி உயரத்திலிருந்து குழந்தை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு) வங்கதேசத்தில் 0.25, ஜிம்பாப்வேயில் 0.16, கென்யாவில் 0.13 கூடியது. 2 வயதில் ஒரு மதிப்பெண் என்பது சுமார் 3 செ.மீ. ஆக 0.25 என்றால் முக்கால் சென்டிமீட்டர். அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் பள்ளத்தை நிரப்பவும் போதாது.

இதை வைத்துக் கழிவறையே வீண் என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. குழந்தையின் வாய்க்குப் போகும் கிருமியின் அளவு அந்த வேலைகளால் போதுமான அளவு இறங்கவில்லை என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம். பத்து வழிகளில் இரண்டை அடைத்தால் மீதி எட்டு போதும், குடல் கெடுவதற்கு. மூன்று இடங்களை முதலில் பாருங்கள்: குழந்தை தவழும் தரை, குழந்தையின் சொந்த மலம், ஆறிப்போய் மணிக்கணக்கில் இருக்கும் குழந்தை உணவு. இந்த மூன்றையும் பெரியவர்களின் கழிவறை தொடுவதே இல்லை.

பதில் – உறைகிணறு

தராசுமுள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாலி நாட்டில் ஊர் மொத்தமும் திறந்தவெளிப் பழக்கத்தை விட வைக்கும் முறையைச் சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவின்படி பேதி குறையவில்லை, ஆனால் குழந்தைகளின் உயர மதிப்பெண் 0.18 கூடியிருந்தது. அதே நேரத்தில் ஒடிசாவில் நடந்த சோதனையில் கழிவறை உள்ள வீடுகளின் பங்கு 9-லிருந்து 63 சதவீதமாக ஏறியும் உயரத்தில் மாற்றமில்லை. கட்டியவற்றில் கணிசமானவை பயன்பாட்டில் இல்லை, மீதி வீடுகள் வெளியேதான் போய்க்கொண்டிருந்தன. உங்கள் பத்தில் எட்டைக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதி இரண்டு வீடுகளின் மலத்தில் உட்கார்ந்த ஈ அந்த எட்டு வீட்டுச் சோற்றிலும் உட்காரும். அந்த இரண்டு வீடுகளில்தான் பெரும்பாலும் இடமும் பணமும் குறைவு, குழந்தைகளும் அதிகம். அவர்களை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. கோப்பையைப் பார்க்காதீர்கள், குழியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஊற்றும் இரட்டை உறிஞ்சுகுழிக் கழிவறை (ஒரு குழி பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது மூடியிருக்கும் வகை) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நல்ல சரிவுள்ள கோப்பை என்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். அதன் கீழே இருக்கும் வளைவில் 20 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அதுதான் ஈயையும் நாற்றத்தையும் தடுக்கும் பூட்டு. அடைப்பு எடுக்கிறேன் என்று கம்பியால் குத்தி அந்த வளைவை உடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். உடைந்தபின் அது ஈ வளரும் குழிதான். சோதிப்பது எளிது: தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மினுங்கவில்லை என்றால் பூட்டு போய்விட்டது.

அடுத்து, குழாய் இரண்டாகப் பிரியும் தொட்டி. மூடியைத் தூக்கினால் ஒரு வாய் செங்கல், களிமண் வைத்து அடைத்திருக்க வேண்டும். இரண்டு வாயும் திறந்திருந்தால் இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பும். பிறகு எந்தக் குழியைத் திறந்தாலும் பச்சை மலம்தான் வரும். அதை அள்ளிக் கொட்டிய இடத்தில் குழந்தைகள் விளையாடும். இரட்டைக் குழியின் முழுப் பயனும் அந்த ஒரு அடைப்பில் இருக்கிறது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கொத்தனார் வீட்டாருக்குச் சொல்லாமலே போய்விடுகிறார்.

குழியின் அடியில் சிமெண்ட் போடக் கூடாது. சுவரில் துளை விட்டுக் கட்ட வேண்டும், குழாய் வரும் மட்டத்துக்கு மேலே மட்டும் துளை வேண்டாம். "உறுதியாக இருக்கட்டும்" என்று அடியும் சுவரும் பூசிவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது, சில மாதத்தில் நிரம்பி வழியும். அப்போது யாராவது ஒரு குழாய் வைத்து சாக்கடைக்குத் திருப்பிவிடுவார்கள். இதுதான் நான் முதலில் தேடச் சொல்லும் குறை. செப்டிக் டேங்கில் இருந்து வெளியேறும் தண்ணீரும் அப்படித்தான்: பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி பெரிதாகக் குறைந்திருக்காது. அது உறிஞ்சுகுழிக்குள் போக வேண்டும், தெருச் சாக்கடைக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள் கழிவறை, வாசலில் மலத்தண்ணீர் என்றால் திறந்தவெளி மலத்தை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததாகத்தான் கணக்கு.

அளவு: ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 40 முதல் 60 லிட்டர் கசடு சேரும். உள்விட்டம் 1 மீட்டர், குழாய் மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர் ஆழம் என்றால் 785 லிட்டர். 5 பேர், ஆளுக்கு 45 லிட்டர், வருடம் 225 லிட்டர். மூன்றரை வருடம் தாங்கும். அது நிரம்பியதும் வாயை மாற்றி அடைத்துவிட்டு, பழைய குழியை 2 வருடம் தொடாமல் விட வேண்டும். கொக்கிப்புழுவின் முட்டை அதற்கு முன்பே செத்துவிடும், உருண்டைப்புழுவின் முட்டைக்குத்தான் அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. காற்றுப் போக்கிக் குழாய் இந்த வகைக்குத் தேவையில்லை, வாயு மண்ணிலேயே கலந்துவிடும்.

விதைநெல்

இரண்டு வாயும் திறந்தே இருப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறோம், அதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஏறும் வீடுகளுக்கு என்ன வழி? குழந்தையின் மலம், தரை பற்றி இன்னும் விவரமாக யாராவது சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் குழந்தை மலத்தைக் கொல்லையில்தான் வீசுகிறார்கள்.

பதில் – உறைகிணறு

தண்ணீர் ஏறும் இடத்தில் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். விட்டம் 1.3 மீட்டர், ஆழம் 0.6 மீட்டர் என்றாலும் அதே 800 லிட்டர் கிடைக்கும். கழிவறைத் தளத்தையும் உயர்த்தி, குழியின் மேல்பகுதியைத் தரைக்கு மேலே எழுப்பி, சுற்றிலும் மண் அணைத்துவிடலாம். குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலேயும், கிணறு அல்லது அடிபம்பு 30 மீட்டர் தள்ளியும் இருந்தால் கவலை இல்லை. அது முடியாத இடத்தில் அந்த நீரைக் குடிக்கக் கொடுக்கும்முன் கட்டாயம் கொதிக்க வைக்கவோ குளோரின் போடவோ வேண்டும். ஈரம் நிற்கும் குழியில் கசடும் வேகமாகச் சேரும். ஆளுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் மேலே சொன்ன மூன்றரை வருடம் இரண்டரை வருடமாகிவிடும். ஓய்வு கொடுக்கும் காலம் முடிந்தும் உள்ளே ஈரமாக இருந்தால் அள்ளாதீர்கள், இன்னும் காத்திருங்கள்.

பதில் – ஈரத்துணி

குழந்தை மலம் ஆபத்தில்லாதது என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் இருக்கிறது. உண்மை நேர்மாறு. குழந்தைகளுக்குத்தான் குடல் தொற்று அடிக்கடி வருகிறது. எனவே அவர்கள் மலத்தில் நோய்க்கிருமி இருக்கும் வாய்ப்பும் அதிகம். அது விழும் இடமும் அடுத்த குழந்தை கைவைக்கும் அதே தரை.

உட்காரத் தெரிந்த குழந்தைக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் மலச்சட்டி போதும். உட்கார வைக்கும்முன் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாது, கவிழ்க்கவும் சுலபம். கழிவறைக் கோப்பையில் கவிழ்த்து, அலசிய தண்ணீரையும் அதிலேயே ஊற்ற வேண்டும். பெரும்பாலானோர் மலத்தைக் கோப்பையில் போட்டுவிட்டு, சட்டி கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றுகிறார்கள். பாதி வேலை வீண்.

துணி கட்டும் குழந்தை என்றால் வரிசை இப்படி: மலத்தைக் கோப்பைக்குள் உதறு, முதல் அலசலைக் கோப்பைக்கு மேலேயே வைத்து அலசு, அந்தத் தண்ணீரும் உள்ளே போகட்டும். அதன்பிறகுதான் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். துணி அலசும் வாளியைப் பாத்திரம் கழுவவோ குளிக்கவோ எடுக்காமல், ஒரு நிறம் ஒதுக்கி வையுங்கள். தரையில் போய்விட்டால், கைப்பிடி உள்ள தகட்டு அள்ளியால் வாரிக் கோப்பைக்குள் போட வேண்டும். மண்தரையில் மேல் மண்ணையும் ஒரு அடுக்கு சேர்த்து அள்ளுங்கள். குழந்தையைக் கழுவிய கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைக்குக் கழுவிவிட்ட கை என்று தனியாக விலக்கு எதுவும் இல்லை.

தரை. ஒன்பது மாதக் குழந்தை பத்து நிமிடம் தவழ்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கை தரையில் பதியும், அடுத்த நொடி கை வாய்க்குப் போகும், கீழே கிடந்த துண்டு ஒன்று வாய்க்குள் மறையும். ஜிம்பாப்வே கிராமங்களில் இப்படிக் கவனித்தவர்கள், குழந்தைகள் மண்ணையும் கோழி எச்சத்தையும் வாயில் போடுவதைப் பதிவு செய்தார்கள். கேம்பைலோபாக்டர் கோழியின் குடலில் சாதாரணமாக வாழ்வது. அதற்குக் கோழி நோயாளியாக இருக்கத் தேவையில்லை. இரவில் கோழியும் ஆடும் குழந்தை தூங்கும் அறைக்குள் அடையக் கூடாது, பகலில் குழந்தை இருக்கும் இடத்துக்குத் தடுப்பு வேண்டும். துவைக்கக்கூடிய பாயை விரித்து, தினமும் துடைத்து வெயிலில் போடுங்கள். வசதி இருந்தால் சிமெண்ட் தரையே நல்லது. மெக்சிகோவில் மண்தரைக்குச் சிமெண்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் குழந்தைகளின் குடல் ஒட்டுண்ணியும் பேதியும் ரத்தசோகையும் நன்றாகவே குறைந்தன.

கைகழுவும் இடம் கழிவறை வாசலிலும் அடுப்படியிலும் ஒவ்வொன்று வேண்டும். நடந்துபோய் எடுக்க வேண்டிய சோப்பை யாரும் எடுப்பதில்லை. கட்டி சோப்பு காணாமல் போகும் வீடுகளில், ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் சிறு துளையிட்ட பாட்டிலில் தொங்கவிடுங்கள். வேலை செய்யும்.

குடிநீருக்குக் குளோரின் போட்டால் 30 நிமிடம் காத்திருந்துதான் எடுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டித் தெளியவிடுங்கள், இல்லாவிட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு அசையாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதனால்தான் கொதிக்கவைப்பதையே நான் சொல்வேன்.

பதில் – தராசுமுள்

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. உங்கள் கணக்கில் விகிதம் நகராததற்கு அளவெடுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ச்சி குன்றுவது கருவிலேயே தொடங்கி 2 வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கழிவறை வந்தபோது 2, 3 வயதில் இருந்த குழந்தை ஏற்கனவே உயரத்தை இழந்திருக்கும். அவர்களையும் சேர்த்து 5 வயது வரை ஒரே விகிதமாகப் போட்டால், ஒரு வருடத்தில் எதுவும் தெரியாது. கழிவறை வந்த பிறகு பிறந்தவர்களைத் தனிப் பட்டியலில் போட்டு, 6, 12, 18, 24 மாதத்தில் அளந்து, முந்தைய பிறப்புகளின் அதே வயது அளவோடு ஒப்பிடுங்கள்.

2 வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். மாற்றி அளந்துவிட்டால் 0.7 செ.மீ. வித்தியாசம்: நின்று அளந்த கைக்குழந்தைக்குக் கூட்டுங்கள், படுத்து அளந்த பெரிய குழந்தைக்குக் கழியுங்கள். இதை மறப்பதால் வரும் பிழையும், மேலே சொன்ன சத்துணவுச் சோதனையின் முழுப் பலனும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதை யோசித்துப் பாருங்கள். நீளம் அளக்கும் பலகையில் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தை நிமிர்த்த. இருவரும் தனித்தனியாக அளந்து, 0.7 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது வயதில் மாதம் ஒரு செ.மீ. அளவில்தான் வளர்வார்கள் என்பதால் மாதாமாதம் உயரம் எடுத்தால் வளர்ச்சியை விடப் பிழையே பெரிதாக இருக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை போதும். 24 மாதம் நிறைந்த ஆண் குழந்தையின் நீளம் (படுக்க வைத்து அளந்தது) 81.7 செ.மீ.க்கும், பெண் குழந்தையின் நீளம் 80.0 செ.மீ.க்கும் குறைந்தால் உலகச் சுகாதார நிறுவன அளவின்படி வளர்ச்சி குன்றியது. பிறந்த தேதி சரியாக இல்லையென்றால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை. "ஒன்றரை வயது இருக்கும்" என்பதை எழுதாதீர்கள்.

உணவையும் இதோடு சேர்த்தே பாருங்கள். 8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மி.லி. கொள்ளும். தண்ணீராகக் கரைத்த கஞ்சியில் மி.லி.க்கு 0.4 கிலோகலோரி இருந்தால், மூன்று வேளை வயிறு முட்டக் குடித்தாலும் 290-ஐத் தாண்டாது. தாய்ப்பால் குடிக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து மட்டும் 550 தேவை. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் கொடுத்தால் அதே வயிற்றில் இரண்டு மடங்கு போகும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகத் தொடங்கும். மதியம் ஊட்டி மிச்சம் வைத்ததை மாலையில் அப்படியே ஊட்டக் கூடாது. குழந்தையின் எச்சில் பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும், தனியாக எடுத்து வைத்ததை நடுவிலும் ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும்.

பேதி வந்துவிட்டால்: 2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு தண்ணீர்ப்போக்குக்கும் 50 முதல் 100 மி.லி. உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.), பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். துத்தநாகம் 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். இரண்டாவது நாளே பேதி நின்றுவிட்டது என்று துத்தநாகத்தை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது, தேறிய பிறகு இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். மலத்தில் ரத்தம், குழிந்த கண், குடிக்க மறுப்பது, மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் – இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

விதைநெல்

அடுத்த சுற்றில் குழாய் பிரியும் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதையும், கழிவறை இல்லாத வீடுகளையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம். அளவெடுப்புப் பதிவேட்டில் படுத்து அளந்ததா நின்று அளந்ததா என்று ஒரு கட்டம் சேர்க்கிறோம், இதுவரை அது இல்லை. பழைய பதிவுகளில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் பலரையும் நிற்க வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள், 0.7 கூட்டிவிட்டு மறுபடி கணக்குப் போட்டு, வருவதை இங்கேயே எழுதுகிறேன்.